புகார்ப் பெட்டி காலியாக இருந்தால் பள்ளியில் பிரச்சினை இல்லை என்று பொருளா?

கேள்வி: தென்மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை நான். ஆறு முதல் பத்து வரை சுமார் 400 பிள்ளைகள். 'மாணவர் மனசு' என்ற புகார்ப் பெட்டி வைத்து ஓராண்டுக்கு மேலாகிறது. ஒரு சீட்டுகூட விழவில்லை. ஆனால் சாயங்கால மணி அடித்த பிறகு அடிதடி நடக்கிறது. சில பையன்கள் கையில் கலர் கயிறு கட்டி வருகிறார்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு வாரமாக வரவில்லை. கேட்டால் காய்ச்சல் என்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: அந்த மாணவியிடமிருந்து தொடங்குங்கள், மேடம். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கும்.

காய்ச்சல் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பள்ளிக்கு வரப் பயப்படும் பிள்ளைகள் பெரும்பாலும் காய்ச்சல், வயிற்றுவலி, தலைவலி என்றுதான் சொல்வார்கள். அவளுக்குப் பிடித்த ஆசிரியை ஒருவரை வீட்டுக்கு அனுப்புங்கள். "ஏன் வரல?" என்று தொடங்க வேண்டாம். "ஒன்னக் காணலையேன்னு பாக்க வந்தேன்" என்றால் போதும். முதல் தடவையே வாய் திறக்க மாட்டாள். மறுபடியும் போக வேண்டியிருக்கும்.

அவள் சொல்வதில் பாலியல் சீண்டலின் சாயல் தெரிந்தால் பள்ளி விசாரணை அங்கேயே நிற்க வேண்டும். ஆசிரியர் அறையில் நிறுத்தித் திரும்பத் திரும்பக் கேட்பதும், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிப்பதும் கூடவே கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல் துறைக்குத் தகவல் தருவது உங்கள் கடமை. தகவல் தெரிந்தும் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் அது ஓராண்டு வரை போகும். பிள்ளையின் பெயர் வெளியே கசியவும் கூடாது.

இனி பெட்டிக்கு வருவோம். அது எங்கே இருக்கிறது? பல பள்ளிகளில் தலைமையாசிரியர் அறை வாசலில்தான் மாட்டியிருப்பார்கள். அங்கே போய் ஒரு பிள்ளை சீட்டுப் போட்டால் அடுத்த பீரியடுக்குள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். தண்ணீர்க் குழாய்க்குப் போகும் வழியில், எல்லோரும் நடமாடும் இடத்தில் மாட்டுங்கள். வாரத்தில் ஒரே நாளில், இரண்டு பேர் சேர்ந்து திறக்கட்டும். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். பக்கத்திலேயே குழந்தைகள் உதவி எண் 1098, பள்ளிக் கல்வி உதவி எண் 14417 இரண்டையும் பெரிதாக எழுதிவையுங்கள்.

இடம் மாறினால் மட்டும் சீட்டு விழுந்துவிடாது. முன்பு யாரோ ஒரு பிள்ளை எதையோ சொல்லியிருக்கும்; அதற்கு என்ன நடந்தது என்பதை மற்ற பிள்ளைகள் கவனித்திருப்பார்கள். "நீ என்ன பண்ணே?" என்று திருப்பிக் கேட்டிருக்கலாம், சொன்னவனையும் செய்தவனையும் ஒன்றாக முட்டி போடச் சொல்லியிருக்கலாம். பள்ளியின் சூழலை நான் அளப்பது இதை வைத்துத்தான்: புகார் சொன்ன பிள்ளைக்கு மறுநாள் என்ன ஆனது? அதனால் முதலில் சின்ன விஷயங்களில் நம்பிக்கை கொடுங்கள். கழிப்பறைத் தாழ்ப்பாள் உடைந்திருக்கிறது என்று சீட்டு வந்தால் அந்த வாரமே சரிசெய்து, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பெயர் சொல்லாமல் அறிவியுங்கள். தாழ்ப்பாளுக்குப் பதில் கிடைத்தால்தான் பெரிய வலியைப் பற்றி எழுத ஒரு கை துணியும்.

அடுத்தது, ஆசிரியர்கள் பலரும் கவனிக்காமல் விடும் ஒன்று. சண்டையும் கொடுமைப்படுத்துவதும் வேறு வேறு. இரண்டு பேர் சரிசமமாக அடித்துக்கொண்டால் உட்காரவைத்துப் பேசி முடித்துவிடலாம். ஒருவன் பலசாலியாகவோ கூட்டத்தோடோ இருந்துகொண்டு இன்னொருவனைத் திரும்பத் திரும்பச் சீண்டினால் கதை வேறு. நார்வேயின் உளவியல் ஆய்வாளர் டான் ஓல்வியஸ் அழுத்திச் சொன்னது இந்தப் பலச் சமமின்மையைத்தான். 1983இல் அந்த நாடு முழுவதும் பள்ளிகளில் கொடுமைப்படுத்தலுக்கு எதிராக நடந்த இயக்கத்துக்கு அடித்தளம் போட்டவர் அவர். இப்படிப்பட்ட இடத்தில் "ரெண்டு பேரும் கை குடுத்துக்கோங்க" என்றால், அடிபட்டவன் எல்லோர் முன்னாலும் இன்னொரு முறை தோற்றுப்போகிறான். தனித்தனியாகக் கூப்பிடுங்கள். அடிபட்ட பிள்ளையிடம் முதலில் பேசுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடியும் கூப்பிட்டு "நின்னுடுச்சா?" என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்வியைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

வேடிக்கை பார்த்தவர்களையும் விட்டுவிடாதீர்கள். பின்லாந்தின் துர்கு பல்கலைக்கழகத்தில் உருவான 'கிவா' என்ற கொடுமைப்படுத்தல் தடுப்புத் திட்டம் முழுவதும் இவர்களை நம்பித்தான் நிற்கிறது. சிரிக்க ஆள் இல்லாவிட்டால் சீண்டுபவனின் வேகம் குறைந்துவிடும். வகுப்பில் மதிப்புள்ள இரண்டு மூன்று பேரிடம், மதியம் சாப்பிடும்போது அந்தப் பிள்ளையோடு உட்காரச் சொல்லுங்கள். எதிர்த்து நிற்கும் பொறுப்பைப் பிள்ளைகள் தலையில் ஏற்ற வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்தாலே போதும்.

அடிதடி எங்கே நடக்கிறது என்பதைப் பிள்ளைகளிடமே கேட்கலாம். பள்ளியின் வரைபடத்தை ஒரு தாளில் போட்டுக் கொடுத்து, பயமாக இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள், பெயர் எழுத வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கழிப்பறைப் பின்பக்கம், சைக்கிள் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாப் என்று நான்கைந்து இடங்களில் புள்ளிகள் குவியும். அங்கே இடைவேளையிலும் கடைசி மணிக்குப் பிறகு கால் மணி நேரமும் ஓர் ஆசிரியர் முறை வைத்து நின்றாலே பாதி அடங்கும். செலவில்லாத வேலை இது.

கயிறு விஷயத்தைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைத் தடுக்கச் சொல்கிறது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரமே இருக்கக் கூடாது என்றும் சொல்கிறது. விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஆனால் கூட்டத்தில் நிறுத்திக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். மறுநாள் அவன் அதை வீரமாக்கிக் கட்டி வருவான். பெற்றோரைத் தனியே அழைத்துப் பேசுங்கள். கூடவே நம் பக்கமும் பார்க்க வேண்டும். உதவித்தொகைப் படிவத்துக்காக வகுப்பில் சாதிப் பிரிவைச் சொல்லி எழுந்திருக்கச் சொல்கிறோமா? பெருக்கவும் தண்ணீர் தூக்கவும் எப்போதும் அதே சில பிள்ளைகளைத்தான் கூப்பிடுகிறோமா? இது நடக்கும் பள்ளியில் கயிற்றை மட்டும் அவிழ்த்துப் பயனில்லை.

கம்பு வேண்டும் என்று சொல்லும் சக ஆசிரியர்கள் உங்களிடமும் இருப்பார்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்திருக்கிறது. இதில் பேரம் இல்லை. அவர்களுடைய களைப்பு உண்மையானது என்பதும் எனக்குத் தெரியும். அவர்களைத் திட்டாமல் ஒரு வேலை கொடுங்கள். எல்லா வகுப்புப் பெயர்ப் பட்டியலையும் ஆசிரியர் அறை மேசையில் விரித்து, பாடம் தவிர வேறு ஏதாவது பேசிப் பழகிய பிள்ளைகளின் பெயருக்கு எதிரே ஒவ்வொருவரும் டிக் போடட்டும். டிக்கே இல்லாத பெயர்கள் எப்படியும் இருக்கும். ஆளுக்கு நான்கைந்து பேரைப் பிரித்துக்கொண்டு தினம் இரண்டு வார்த்தை பேசச் சொல்லுங்கள். "தங்கச்சிக்கு ஒடம்பு தேவலையா?" என்ற அளவில் இருந்தால் போதும்.

இதையெல்லாம் பள்ளி மேலாண்மைக் குழுவில் வையுங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பஸ் ஸ்டாப்பில் என்ன நடக்கிறது என்பது நம்மைவிட அவர்களுக்குத்தான் தெரியும். அடுத்த சில மாதங்களில் புகார்கள் கூடும். அதைப் பார்த்து யாரும் பதற வேண்டாம் என்று ஆசிரியர்களிடமும் குழுவிடமும் இப்போதே சொல்லிவையுங்கள். ஒவ்வொரு சீட்டுக்கும் எதிரே எடுத்த நடவடிக்கையையும் தேதியையும் பதிவேட்டில் எழுதிவாருங்கள்; மேலதிகாரி கேட்டால் அதை எடுத்து நீட்டலாம்.