ஐந்து மாதக் குழந்தைக்கு நோயின் பெயர் எதற்கு?

வணக்கம் சார்.

அயோனா நோவாக் பற்றி நீங்கள் எழுதியதை அப்போது மேலோட்டமாகத்தான் படித்தேன். அவர் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் சிகிச்சை) துறைப் பேராசிரியர், பிறந்த முதல் மாதங்களிலேயே குறையைக் கண்டுபிடித்துக் கவனித்தால் ஆயுள் முழுக்க உடல்நலத்துக்கு உதவும் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இதெல்லாம் நமக்கு எதற்கு என்று தோன்றியது. இப்போது அதே பேச்சு எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது.

சிட்னியில் இருக்கும் என் தங்கைக்கு முப்பதாவது வாரத்திலேயே ஆண் குழந்தை பிறந்தது. குறைமாதத்தைக் கழித்துப் பார்த்தால் இப்போது ஐந்து மாதம். போனில் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், உடனே 'செரிபிரல் பால்சி (மூளை முடக்குவாதம்) வர அதிக வாய்ப்பு' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இடது கையை மூடியே வைத்திருக்கிறானாம். அம்மாவோ, "வலதுகைக்காரனா வருவான், நல்லதுதானே. உங்க மாமாவே ரெண்டு வயசுலதான் நடந்தார். எண்ணெய் அனுப்பறேன், நல்லா உருவி விடச் சொல்லு" என்கிறார். தங்கை அழுதுகொண்டே இருக்கிறாள். இன்னும் உட்காரக்கூடத் தொடங்காத குழந்தைக்கு இப்படி ஒரு பெயரைச் சுமத்துவது கொடுமை இல்லையா?

மாலதி

அன்புள்ள மாலதி,

உங்கள் தங்கையின் அழுகை எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஐந்து மாதத்திலேயே வாய்திறந்து சொன்ன அந்த மருத்துவக் குழுவுக்கு நான் நன்றிதான் சொல்வேன்.

மூளை முடக்குவாதம் என்பது வளரும் மூளையில் பட்ட காயத்தால் உடலின் அசைவு பாதிக்கப்படும் நிலை. அது இருக்கிறது என்று சொல்ல ஒன்று, இரண்டு வயது வரை காத்திருப்பதுதான் பல காலமாக வழக்கம். தப்பாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று டாக்டர்களுக்குப் பயம், பெற்றோருக்கு நம்பிக்கை, பாட்டிகளுக்கு மாமா கதை. 2017-இல் நோவாக்கும் பல நாட்டு வல்லுநர்களும் சேர்ந்து ஜாமா பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆறு மாதத்துக்கு முன்பே கண்டுபிடிக்க முடியும், உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் 'அதிக வாய்ப்பு' என்று எழுதிக்கொடுத்து உடனே வேலையைத் தொடங்குங்கள் என்பதுதான் அதன் சாரம். உங்கள் தங்கை கையில் இருப்பது அந்தச் சீட்டுதான்.

அந்த வீடியோவைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, மெல்லிய உடையோடு விட்டு, பொம்மை, நிப்பிள் எதுவும் கொடுக்காமல், யாரும் கொஞ்சாமல் சில நிமிஷம் படம் பிடிக்க வேண்டும். அவன் அழவும் கூடாது, தூங்கவும் கூடாது. பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள் இருக்கும் குழந்தையிடம் ஓயாத ஒரு துறுதுறுப்பு இருக்கும். கழுத்து, உடம்பு, மணிக்கட்டு, கணுக்கால் எல்லாம் எல்லாப் பக்கமும் சின்னச் சின்னதாக அசைந்துகொண்டே இருக்கும். நாம் பார்த்தால் 'சும்மா ஆடிட்டிருக்கான்' என்போம். ஹைன்ஸ் பிரெக்டல் என்ற ஆஸ்திரிய ஆய்வாளர் அந்தச் சும்மாவைத்தான் வருடக்கணக்காகப் பார்த்தார். 1997-இல் அவர் குழு லான்செட் மருத்துவ இதழில் 130 குழந்தைகளைப் பற்றி எழுதியது. அந்த அசைவு இல்லாமலோ மாறுபட்டோ இருந்த 60 குழந்தைகளில் 57 பேருக்குப் பின்னால் நரம்பு சார்ந்த குறை தெரிந்தது. அசைவு சரியாக இருந்த 70 பேரில் 67 பேர் நன்றாக இருந்தார்கள். இந்த வீடியோவோடு எம்ஆர்ஐ படமும், கைக்குழந்தைகளுக்கான ஹாமர்ஸ்மித் நரம்புப் பரிசோதனையும் ஒரே பக்கம் கைகாட்டினால் டாக்டர்கள் தைரியமாகப் பேசலாம். மாமா லேட்டாக நடந்ததை இதோடு சேர்க்காதீர்கள். அம்மா சொன்ன இன்னொன்றுதான் என்னைக் கவலைப்படுத்துகிறது. ஒரு வயதுக்கு முன்னால் குழந்தை ஒரு கையை மட்டும் விரும்பினால், அது வலதுகைப் பழக்கத்தின் தொடக்கம் அல்ல. மற்ற கையில் ஏதோ இருக்கிறது என்று கவனிக்க வேண்டிய அறிகுறி.

சரி, தெரிந்துகொண்டு என்ன செய்வது? பிறந்த புதிதில் மூளையின் ஒவ்வொரு பாதியிலிருந்தும் இரண்டு கைகளுக்கும் நரம்பு இழைகள் இறங்குகின்றன. எந்த இழைக்கு வேலை இருக்கிறதோ அது நிலைக்கும், வேலையில்லாதது பின்வாங்கும். இந்தப் போட்டி மும்முரமாக நடப்பது முதல் இரண்டு வருடத்தில். ஒன்றரை வயதில் பெயர் வைத்துக்கொண்டு வந்து நின்றால் அதற்குள் பாதிக்கு மேல் முடிந்திருக்கும். 'போகப்போகச் சரியாகும்' என்று காத்திருக்கும் மாதங்கள்தான் அந்த இடது கை அதிகம் கற்கக்கூடிய மாதங்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

ஸ்வீடனின் ஆன்-கிறிஸ்டின் எலியாசன், இவரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்தான், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நல்ல கைக்கு ஒரு சின்ன உறையை மாட்டினார். தினம் அரை மணி நேரம், ஆறு வாரம், அப்புறம் இடைவெளி, மறுபடி ஆறு வாரம். பலவீனமான கைக்கு எட்டுகிற இடத்தில், அதனால் பிடிக்க முடிகிற பொம்மைகளை வைப்பார்கள். எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். குழந்தையே எட்டி, தவறி, மறுபடி எட்டிப் பிடிக்க வேண்டும். இன்னொரு குழுவுக்கு மசாஜ் செய்தார்கள். உறை மாட்டிய குழந்தைகளின் கைதான் நன்றாகத் தேறியது. அதனால் அம்மா எண்ணெய் அனுப்பட்டும், பேரனை உருவி விடுவது அன்புக்கு நல்லது. ஆனால் பிறர் கை செய்யும் வேலையில் அவன் மூளை கற்பது குறைவு. அவனே செய்ய வேண்டும். (உறையை வீட்டில் தைத்து நீங்களாக மாட்டிவிடாதீர்கள். அங்குள்ள தெரபிஸ்ட் பார்த்துச் சொல்லட்டும்.)

நோவாக்கிடம் நான் மிகவும் மதிப்பது இந்த நேர்மையை. 2013-இல் அவரும் சகாக்களும் மூளை முடக்குவாதத்துக்கான 64 சிகிச்சைகளை அலசி, டிராஃபிக் சிக்னல் மாதிரி பச்சை (செய்யலாம்), மஞ்சள் (யோசித்துச் செய்யலாம்), சிவப்பு (வேண்டாம்) என்று பிரித்தார்கள். பச்சை கிடைத்தது சுமார் கால்வாசிக்குத்தான். சிவப்பில் ஹைபர்பேரிக் ஆக்சிஜன் (அழுத்தம் கூட்டிய கூண்டுக்குள் ஆக்சிஜன் கொடுப்பது) இருந்தது, தெரபிஸ்ட் தன் கையால் குழந்தையின் உடலைப் பிடித்து அசைவைச் சீராக்கப் பார்க்கும், உலகம் முழுக்க செய்துவந்த பொபாத் முறை இருந்தது, ஆக்குபேஷனல் தெரபி துறையிலேயே பிறந்த சென்சரி இன்டெக்ரேஷனும் (தொடுதல், ஊஞ்சலாட்டம் போன்ற புலன் பயிற்சிகள்) இருந்தது. தன் தொழில்காரர்களே தினமும் செய்வதைக் காட்டி, இதை விடுங்கள் என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். உங்கள் தங்கையிடம் யாராவது லட்சக்கணக்கில் செலவாகும் ஆக்சிஜன் கூண்டைப் பற்றிச் சொன்னால் இந்தப் பட்டியல் நினைவிருக்கட்டும்.

ஆயுள் முழுக்க என்பது எங்கே வருகிறது? மூளையில் பட்ட காயம் வளர்வதில்லை. ஆனால் உடம்பு வளர்கிறது. இறுகிய தசை, வளரும் எலும்பை வருடக்கணக்கில் இழுக்கிறது. நோவாக் குழு 2012-இல் தொகுத்த கணக்குப்படி, இந்த நிலையுள்ளவர்களில் நான்கில் மூன்று பேருக்கு வலி இருக்கிறது, மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டு விலகுகிறது. அந்த விலகல் சத்தமில்லாமல் நடக்கும். வலி தெரியும்போது பெரும்பாலும் தாமதமாகியிருக்கும். தெற்கு ஸ்வீடனில் 1994 முதல் இந்தக் குழந்தைகளின் பெயர்களைப் பதிவுசெய்து, காலாகாலத்தில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவந்தார்கள். முன்பு சுமார் பத்தில் ஒரு குழந்தைக்கு முழுதாகக் கழன்றுகொண்டிருந்த மூட்டு, இப்போது கழல்வதே அபூர்வம். நாற்பது வயதில் ஒருவர் வலியில்லாமல் உட்கார்வது, அவர் இரண்டு வயதில் எடுத்த ஒரு படத்தில் தொடங்குகிறது. பெயரே எழுதாத குழந்தையை யார் அந்தப் பதிவேட்டில் சேர்ப்பார்கள்?

நோவாக் குழுவின் அந்த 2012 கணக்கில் உங்கள் தங்கைக்குச் சொல்ல வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது. மூன்றில் இரண்டு பேர் நடக்கிறார்கள். நான்கில் மூன்று பேர் பேசுகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்ட குழந்தைகள் அநேகமாக எல்லோரும் நடக்கிறார்கள்.

அம்மாவிடம் பேசும்போது இதையும் சொல்லுங்கள். இது வெளிநாட்டு டாக்டர்களின் அவசரம் என்று அவர் நினைக்க வேண்டாம். நம் ஊரிலும் 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் குறைகளைச் சீக்கிரமே கண்டுபிடித்துப் பயிற்சி தரும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக உழைக்கும் அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கையில் செயலியோடு கிராமத்து வீடுகளுக்கே போய்ப் பெற்றோருக்குச் சொல்லித் தருகிறார்கள். அவர்களும் சொல்வது, சீக்கிரம் வாருங்கள் என்பதைத்தான்.

அடுத்த முறை மருத்துவமனை போகும்போது உங்கள் தங்கை இரண்டு விஷயம் கேட்கட்டும். அந்த இடது கைக்கு வீட்டில் தினமும் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது ஒன்று. இடுப்புக்கு முதல் எக்ஸ்ரே எப்போது என்பது மற்றொன்று. ஆஸ்திரேலியாவில் வழக்கமாக 12 முதல் 24 மாதத்துக்குள் எடுப்பார்கள். அவர்களாக அழைப்பார்கள் என்று இருக்காமல், தேதியை இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.