கூத்து கற்ற மகனுக்கு இன்னொரு நடிப்பு வகுப்பு எதற்கு?

குடியாத்தத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கள் மகன் ஊர்க் கூத்துக் குழுவில் வேடம் கட்டி வளர்ந்தவர், அதன்பின் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்தவர். சென்னைக்குப் போய்ப் போய் ஆடிஷன் கொடுக்கிறார், ஒன்றும் அமையவில்லை. இப்போது ஒரு பயிற்சி நிறுவனம் மூன்று மாத கேமரா நடிப்பு வகுப்புக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறது, நகையை அடகு வைக்கலாமா என்கிறீர்கள். வேண்டாம் ஐயா. நகை பீரோவிலேயே இருக்கட்டும்.

நீங்கள் அனுப்பிய பதிவுகளைப் பார்த்தேன். பையனுக்கு நடிப்பு நன்றாகவே வருகிறது. தம்பி இறந்துபோன செய்தியைக் கேட்கும் காட்சியில் புருவங்கள் இரண்டும் ஒரே நேரத்தில் மேலே ஏறுகின்றன, முகவாய் முன்னால் வருகிறது, வசனத்துக்கு முன் இழுக்கும் மூச்சு மைக்கில் பெரிதாக விழுகிறது. வாக்கியத்தின் கடைசிச் சொல்லைக் கோயில் திடலின் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறார். பாரதக் கூத்தில், முகவீணையும் மிருதங்கமும் முழங்க விடிய விடிய ஆடும் நடிகனுக்கு இதுதான் பலம். குளோஸ்-அப்பில் பார்ப்பவர் இரண்டடி தூரத்தில் இருக்கிறார். அவரைப் பார்த்து யாராவது கத்துவார்களா?

ஆகவே உணர்ச்சியைக் குறைக்கச் சொல்லாதீர்கள். குறைக்கச் சொன்னால் முகம் மரத்துப்போகும். நாடகம் படித்த பல பிள்ளைகள் கேமரா முன் விறைத்து நிற்பதற்குக் காரணம் இந்த அறிவுரைதான். மாற்ற வேண்டியது தூரத்தை. ஒரே வசனத்தை முதலில் எதிர்வீட்டு மாடியில் இருப்பவரிடம் சொல்லட்டும், பிறகு சாப்பாட்டு மேசைக்கு எதிரே இருப்பவரிடம், கடைசியாக அதே பாயில் பக்கத்தில் படுத்திருப்பவரிடம். கடைசி முறையை மட்டும் மொபைலில் பதிவு செய்யட்டும். கோபம் அப்படியே இருக்கும், புருவம் தானாகவே அடங்கும்.

இன்னொன்று, கேட்பது. ஆடிஷனில் எதிர் வசனத்தை உதவியாளர் யாராவது உணர்ச்சியே இல்லாமல் வாசிப்பார். தன் முறை வரும்வரை காத்திருப்பவனின் கண்ணில் அந்தக் காத்திருப்பு தெரிந்துவிடும். நீங்களே செய்தித்தாளில் ஒரு பத்தியை வாசியுங்கள். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் கேட்பதை ஒரு நிமிடம் பதிவு செய்யுங்கள். ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றினால் பாதி வேலை முடிந்தது.

நடிகர்களைத் தேர்வு செய்யும் காஸ்டிங் டைரக்டர் ஒரு டேக் முடிந்ததும், “இப்போது கோபம் வேண்டாம், அவன் வெட்கப்படுகிறான்” என்பார். முதல் டேக் பிடிக்கவில்லை என்று பையன் சோர்ந்துவிடுகிறார் என எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது நல்ல சகுனம். பிடிக்காதவரை ஒரு நன்றியோடு அனுப்பிவிடுவார்கள், இரண்டாவது டேக்குக்கு நேரம் செலவழிக்கமாட்டார்கள். சொன்னதும் மாற முடிகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். வசனத்தை ராகத்தோடு மனப்பாடம் செய்தவரால் மாற முடியாது. கணக்கு வாய்பாடுபோல் ஏற்ற இறக்கமின்றி மனத்தில் ஏற்றிக்கொண்டு, கெஞ்ச, மிரட்ட, மறைக்க என்று மூன்று நோக்கத்தோடு பேசிப் பழகட்டும்.

முதல் சுற்று இப்போது பெரும்பாலும் செல்ஃப் டேப்தான், அதாவது வீட்டிலேயே நடித்துப் பதிவு செய்து அனுப்புவது. காட்பாடியிலிருந்து சென்னைக்கு 130 கிலோமீட்டர் ரயில் பயணம் மிச்சம். மொபைலைப் படுக்கைவாட்டில், கண் உயரத்தில் வைக்க வேண்டும். பின்னால் வெற்றுச் சுவர், முன்னால் ஜன்னல் வெளிச்சம். மார்புக்கு மேல் தெரிந்தால் போதும். எதிர் வசனம் படிப்பவர் லென்ஸை ஒட்டி நிற்கட்டும். பின்னணி இசையும் ஃபில்டரும் வேண்டவே வேண்டாம். நம் வெயிலில் மின்விசிறி இல்லாமல் முடியாது, ஓடினால் மைக் அதைத்தான் முதலில் பிடிக்கும். காலை ஆறு மணிக்கு, ஒலிபெருக்கியும் லாரியும் தொடங்குவதற்கு முன் எடுத்துவிடுங்கள்.

தொடக்கத்தில் பெயர், வயது, உயரம், ஊர் சொல்லும் இடத்திலும் கவனம் தேவை. கூத்தில் திரைக்குப் பின்னால் நின்று தன் பெருமையைத் தானே பாடிக்கொண்டு வருவது மரபு. அந்தத் தோரணை இங்கே லேசாக எட்டிப்பார்க்கிறது. ரேஷன் கடையில் கார்டைக் காட்டி விவரம் சொல்வதுபோல் சொல்லட்டும். வீட்டில் பேசும் தெலுங்கையும் அங்கே மறக்காமல் குறிப்பிடட்டும். சித்தூர் எல்லையை ஒட்டிய ஊர்க்காரருக்கு இரண்டு மொழிப் படங்களிலும் வாசல் உண்டு. வட ஆற்காட்டுப் பேச்சை மறைத்துச் சென்னைப் பேச்சுப் பேச முயல்கிறார், அதை நான் ரசிக்கவில்லை. மண்ணின் பேச்சு தெரிந்தவரைத் தேடும் இயக்குநர்களும் இருக்கிறார்கள்.

பணம் பற்றிக் கேட்டீர்கள். ஆடிஷனுக்குக் கட்டணம், பதிவுத் தொகை, “வேடம் உறுதி, முன்பணம் கட்டுங்கள்” என்று யார் கேட்டாலும் எழுந்து வந்துவிட வேண்டும். நடிகருக்குத்தான் சம்பளம் கொடுப்பார்கள். இணையவழியில் ஏற்கெனவே கொடுத்து ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

இரண்டு ஆண்டு கொடுத்துப் பாருங்கள் என்பது என் கருத்து. அதுவரை வேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளில் நாடகப் பயிற்சி கொடுக்கலாம், கூத்துப் பருவத்தில் குழுவோடு ஆடலாம். பங்குனி முதல் ஆடிவரை திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது ஆடிஷன் தேதியும் வந்தால் எதை விடுவது என்று வீட்டில் சண்டை வரும். குழுத் தலைவரிடம் இப்போதே பேசி, மாற்று ஆள் ஏற்பாடு செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் மகனை என்னிடம் அனுப்புங்கள். ஒரே வசனத்தை மூன்று நோக்கத்தில் பேசிய மூன்று பதிவுகளும், பேசாமல் கேட்கும் ஒரு பதிவும் மொபைலில் இருக்கட்டும். வெட்டி ஒட்டாமல் கொண்டுவரச் சொல்லுங்கள்.