50 தாண்டிட்டுது, ஈபிஎஃப் காசை இப்பவே எடுக்கலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு 52 வயசு. புறக்கோட்டையில ஒரு தனியார் கம்பனியில 14 வருஷமா கணக்குப் பகுதியில வேலை, சம்பளம் 90 ஆயிரம், ஈபிஎஃப்ல (ஊழியர் சேமலாப நிதியில) 30 இலட்சம் அளவில கிடக்கு. பொம்பளையளுக்கு 50ல எடுக்கலாம்தானே, ரிசைன் பண்ணி காசை எடுத்துட்டு அடுத்த மாசம் திரும்ப சேருங்க எண்டு ஒஃபிஸ்ல சொல்றாங்க. அரசாங்கம் திரும்பக் கை வைக்க முதல் எடுத்து எஃப்டில (பாங்கில நிலையான வைப்பில) போடு எண்டு இவரும் நிக்கிறார். கூரையும் ஒழுகுது. என்ன செய்யலாம்?
- வெள்ளவத்தை வாசகி

பதில்: தங்கச்சி, ரிசைன் கடிதம் எழுதியிருந்தா தயவு செய்து குடுக்காதீங்க. ஆம்பிளைக்கு 55, பொம்பளைக்கு 50 எண்டது சரி, ஆனா வயசு மட்டும் காணாது, வேலையையும் விட்டிருக்க வேணும், அதாலதான் உங்களை ரிசைன் பண்ணச் சொல்றாங்க. அதில உங்களுக்கு அடி விழுற இடம் ஈபிஎஃப் இல்ல, கிராஜுவிட்டி, அதாவது வேலை விடேக்க கம்பனி தாற பணிக்கொடை. 1983ஆம் வருஷத்து சட்டப்படி 15 பேருக்குக் குறையாத கம்பனி எண்டா ஒவ்வொரு வருஷ சேவைக்கும் அரை மாசச் சம்பளம், அதுவும் கடைசியா வாங்கின சம்பளத்தில. இண்டைக்கு விட்டா 14 தரம் 45 ஆயிரம், 6 இலட்சத்து 30 ஆயிரம். இருந்து 60ல விட்டா 22 வருஷமும் அப்ப இருக்கிற சம்பளத்தில கணக்காகும். திரும்பச் சேர்ந்தா சேவை பூச்சியத்தில இருந்து தொடங்கும், 5 வருஷம் முடியாம ஒரு சதமும் கேக்க ஏலாது. 2021ல வந்த சட்டத்தால உங்கட வயசுக்காரருக்கு ஓய்வு வயசு 60, 55ல போங்க எண்டு இனி ஒருத்தரும் சொல்ல ஏலாது, அந்தப் பாதுகாப்பை நீங்களா ஏன் கலைக்கிறீங்க?

இவர்ட பயம் வீண் பயம் எண்டு நான் சொல்லமாட்டன். 2023ல உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில ஈபிஎஃப் நிதியத்திட பழைய பிணைமுறிகளை (அரசாங்கக் கடன் பத்திரங்களை) நீண்ட காலத்துக்கு, குறைஞ்ச வட்டிக்கு மாத்தினாங்கதான், எனக்கும் அதில கோபம் இருக்கு. ஆனா ஆக்கள்ட மீதியில வெட்டேல்ல, 2023க்கு 13 வீதமும் 2024க்கு 11 வீதமும் வட்டி போட்டாங்க. எல்லா வருஷமும் அப்பிடி வராது, 9 எண்டே வைப்பம், 55 வயசில உங்கட 30 இலட்சம் 38க்கு மேல, அதோட உங்கட 8 வீதமும் கம்பனிட 12 வீதமும் சேர்ந்து மாசம் 18 ஆயிரம் விழும், மொத்தம் 45 இலட்சத்தைத் தாண்டும். எஃப்டில போட்டா வட்டியில 10 வீதம் வரியா பிடிப்பாங்க, வருஷ வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழ இருந்தா பிரகடனம் குடுத்து அதைத் தவிர்க்கலாம், அது வேற. எனக்குப் பெரிய பயம் எஃப்டிதான், கைக்கெட்டின காசு அஞ்சு வருஷம் முழுசா நிக்கிற வீடு குறைவு, சொந்தக்காரர் அவசரமெண்டு வந்து நிண்டா நீங்க இல்லையெண்டு சொல்லுவீங்களா?

கூரைக்கு வழி இருக்கு. வேலையில இருந்துகொண்டே வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ மீதியில 30 வீதம் எடுக்கலாம், 10 வருஷம் கட்டியிருக்க வேணும், கணக்கில 3 இலட்சம் இருக்க வேணும், உங்களுக்கு ரெண்டும் சரி, 9 இலட்சம் வரும்.

இதை விட அவசரமானது, ஒரு நாள் லீவு போட்டு நாரஹேன்பிட்ட தொழில் திணைக்களத்துக்குப் போய் பதிவைப் பாருங்க. பி காட்டில (ஈபிஎஃப் உறுப்பினர் அட்டையில) பேர் ஒரு எழுத்து, அடையாள அட்டையில ஒரு எழுத்து எண்டு இருந்தா இப்பவே திருத்துங்க, கேட்டு வாங்கிற நேரத்தில அது மாசக்கணக்கில இழுக்கும். பின்னுரித்தாளி (நீங்க இல்லாட்டி காசு வாங்கிறவர்) ஆரெண்டும் பாருங்க, கல்யாணத்துக்கு முதல் அம்மாட பேரைப் போட்டுட்டு அப்பிடியே விட்டவை நிறையப் பேர்.

கேள்வி: எனக்கு 48 வயசு, வேலையை விட்டுட்டு கடை போட்டிருக்கிறன். ஈபிஎஃப், ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) ரெண்டையும் எடுக்க ஏலுமா?
- தெஹிவளை வாசகர்

பதில்: தம்பி, ஈடிஎஃப் எடுக்கலாம், வேலை விட்டா வயசு பாக்கமாட்டாங்க, 5 வருஷத்துக்கு ஒருக்கா. ஈபிஎஃப் 55 வரைக்கும் இல்ல, கட்டாட்டியும் வட்டி ஏறும், கவலைப்படாதீங்க. பழைய கம்பனி கடைசி மாசங்களுக்கு ஒழுங்கா கட்டினதோ எண்டு மட்டும் இப்பவே பாருங்க, கட்டேல்ல எண்டா சம்பளச் சீட்டுகளோட பக்கத்து தொழில் அலுவலகத்தில முறைப்பாடு குடுங்க, கம்பனி மூடினாப் பிறகு ஆரைப் பிடிக்கிறது?