போலோன்யா: கேள்விகளும் பதில்களும்

கேள்வி: போலோன்யா திட்டம் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டமா அக்கா?

பதில்: சட்டமே இல்லை. பல்கலைக்கழகப் பட்டங்களை நாட்டுக்கு நாடு ஒப்பிடக்கூடிய ஒரே மாதிரி அமைப்புக்குக் கொண்டுவர, 1999 ஜூனில் இத்தாலியின் போலோன்யா நகரில் 29 ஐரோப்பிய நாடுகள் கையெழுத்திட்ட அறிக்கை. மீறினால் தண்டனை கிடையாது. இளங்கலை, முதுகலை என இரண்டு படிகள். முனைவர் படிப்பு 2003-இல் மூன்றாவதாகச் சேர்ந்தது. ஒன்றியத்தில் இல்லாத துருக்கி, ஜார்ஜியா, கஜகஸ்தான்கூட உள்ளே வந்துவிட்டன.

கேள்வி: கிரெடிட் என்றால் வகுப்பு நேரம்தானே?

பதில்: பலரும் தடுமாறும் இடம் இது. ஐரோப்பிய முறையில் முழு ஆண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பு, ஆய்வகம், நூலகம், வீட்டில் பரீட்சைக்குப் படிப்பது எல்லாம் அதில் அடக்கம். இந்தியாவிலோ, வாரம் ஒரு மணி நேர வகுப்பு ஒரு செமஸ்டர் நடந்தால் ஒரு கிரெடிட் என்று கணக்கிட்டுப் பழகிவிட்டோம். இரண்டும் வேறு வேறு அளவுகள். மார்க் ஷீட்டில் உள்ள எண்களை அப்படியே எடுத்து ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: ஐரோப்பாவுக்கு வெளியே இதனால் என்ன மாறியது?

பதில்: நிறைய. பிரான்சுக்கு மேல்படிப்புக்குப் போகும் மாணவர்கள் அதிகமுள்ள மொராக்கோ, அல்ஜீரியா இரண்டும் 2003, 2004 வாக்கில் இந்த மூன்று படி முறைக்கு மாறின. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, பட்டம் அங்கே செல்லுபடியாக வேண்டுமே! மெல்பர்ன் பல்கலைக்கழகம் 2008-இல் தன் இளங்கலைப் படிப்புகளை ஆறு பரந்த பட்டங்களாகச் சுருக்கியது. அதிலும் போலோன்யாவின் சாயல் உண்டு. ஆனால் பட்டத்தின் பெயரை மாற்றுவது சுலபம். ஆசிரியர் எண்ணிக்கையும் ஆய்வக வசதியும் கூடாமல் அமைப்பை மட்டும் மாற்றினால், சுமை மாணவர் தலையில்தான் விழும். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

கேள்வி: ஐரோப்பிய மாணவர்களே எதிர்த்தார்களாமே?

பதில்: ஆமாம். 2009-இல் ஜெர்மன், ஆஸ்திரிய மாணவர்கள் விரிவுரை அரங்குகளுக்குள் குடியேறிப் போராடினார்கள். பாடங்களைத் திணிக்கிறார்கள், சிந்திக்க நேரமில்லை என்பது முக்கியமான குறை. நியாயமான குறைதான்.

கேள்வி: மூன்று வருட பி.எஸ்சி. முடித்திருக்கிறேன். ஜெர்மனியில் முதுகலை கிடைக்குமா மேடம்?

பதில்: அங்கேயும் மூன்று ஆண்டு இளங்கலை சகஜம் தம்பி. ஆனால் முடிவு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கையில். கணிதம் எத்தனை தாள், ஆய்வகம் எவ்வளவு என்று பாடம் பாடமாகப் பார்ப்பார்கள். அதனால் உங்கள் கல்லூரியின் முழு சிலபஸையும் முத்திரையுடன் வாங்கி வையுங்கள். 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழும் (உங்கள் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று ஜெர்மன் தரப்பு சரிபார்த்துத் தருவது) கட்டாயம். முதலில் அதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.