மெக்கானிக்கல் கேட்கும் மகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் இன்ஜினியரிங் படித்த நாட்களைப் பற்றி எழுதியிருந்ததை என் மகள்தான் எனக்குப் படித்துக் காட்டினாள். அந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

மகள் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கட்-ஆஃப் 186. கவுன்சிலிங்குக்கு சாய்ஸ் போட வேண்டும். மெக்கானிக்கல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். எங்களுக்கு எட்டு விசைத்தறி இருக்கிறது. சின்ன வயதிலிருந்தே தறிக்குடோனில்தான் கிடப்பாள். தறி நின்றுவிட்டால் மேஸ்திரி வருவதற்குள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். பாதி நேரம் ஓட்டியும் விடுவாள்.

அவள் அப்பா கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் என்கிறார். “ஆம்பளைப் பசங்களுக்கே மெக்கானிக்கல்ல வேலை இல்ல, பொம்பளப் புள்ளைக்கு ஏசி ரூம்ல உட்கார்ந்து பார்க்கிற வேலைதான் சரி” என்கிறார். என் நாத்தனார் மகன் ஜெர்மனியில் படிக்கிறான். அங்கேயும் மெக்கானிக்கல் வகுப்பில் பெண்கள் கொஞ்சம் பேர்தானாம். “அத்தனை வசதி இருக்கிற நாட்டுலயே அப்படின்னா, அது பொம்பளைங்களுக்கு ஒத்துவராதுன்னுதானே அர்த்தம்?” என்று இவர் கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான் பத்தாவதுவரை படித்தவள். நீங்கள் சொல்லுங்கள்.

பெயர் வெளியிட வேண்டாம்,
குமாரபாளையம்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நாத்தனார் மகன் பொய் சொல்லவில்லை. ஜெர்மனியில் மெக்கானிக்கல் வகுப்புகளில் பெண்கள் குறைவுதான். ஆனால் ஒரு நாட்டை மட்டும் பார்த்தால் அது பெண்களின் இயல்பு என்று தோன்றும். நாலு நாட்டைச் சேர்த்துப் பார்த்தால் அப்படித் தோன்றாது.

உலகம் முழுவதும் பொறியியல் பட்டம் வாங்குகிறவர்களில் பெண்கள் 28 சதவீதம் என்று யுனெஸ்கோ 2021ல் சொன்னது. அதே கணக்கில் அல்ஜீரியா, துனிசியா, ஓமன் போன்ற நாடுகளில் 40 சதவீதத்துக்கும் மேல். பணத்திலும் வசதியிலும் ஜெர்மனிக்குப் பக்கத்தில்கூட வர முடியாத துனிசியாவில் பெண்கள் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பொறியியல் படித்து வெளியே வருகிறார்கள். ஒத்துவராத படிப்பு என்றால் அங்கே மட்டும் எப்படி ஒத்துவந்தது?

உங்கள் வீட்டுக்காரர் பெண்களுக்கு ஏற்றது என்று சொல்லும் கம்ப்யூட்டர் சயின்ஸையே எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் அந்தப் படிப்பில் சுமார் பாதிப்பேர் பெண்கள். அங்கே பெற்றோர் சொல்லும் காரணம் கிட்டத்தட்ட உங்கள் வீட்டில் கேட்பதுதான். வெயிலில் நிற்க வேண்டாம், கட்டடத்துக்குள் உட்கார்ந்து பார்க்கும் வேலை, பெண்ணுக்குப் பாதுகாப்பு. அமெரிக்காவில் அதே படிப்பு ஆண்பிள்ளைப் படிப்பு! 1984 வாக்கில் அங்கே கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டம் வாங்கியவர்களில் 37 சதவீதம் பெண்கள். அப்புறம் அது சரிந்துகொண்டே போய் 20 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இடையில் பெண்களின் மூளையா மாறிவிட்டது? 1980களில் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் கடைக்கு வந்தபோது அவற்றைப் பையன்களுக்கான பொருளாக விளம்பரம் செய்து விற்றார்கள். பையன்கள் வீட்டிலேயே புரோகிராம் எழுதிப் பழகிவிட்டுக் கல்லூரிக்கு வந்தார்கள். முதல் வகுப்பே எல்லாருக்கும் அது தெரியும் என்கிற நினைப்பில் நடந்தது. வீட்டில் கம்ப்யூட்டரைத் தொடாத பெண், தனக்கு இது வராது போலிருக்கிறது என்று ஒதுங்கிக்கொண்டாள்.

இதைச் சரிசெய்தும் காட்டியிருக்கிறார்கள். பிட்ஸ்பர்க்கில் இருக்கும் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995ல் கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்தவர்களில் பெண்கள் 7 சதவீதம். 2000ல் 42 சதவீதம். ஐந்தே வருடம். முன்பே புரோகிராம் எழுதிய அனுபவம் இருக்கிறதா என்று பார்த்துச் சேர்ப்பதைக் குறைத்தார்கள். முன்அனுபவம் இல்லாதவர்கள் முதலிலிருந்து தொடங்க ஒரு வகுப்பு, இருப்பவர்களுக்கு வேறு வகுப்பு என்று பிரித்தார்கள். உங்கள் மகளிடம் இருப்பது இதே மாதிரியான முன்அனுபவம்தான். எட்டுத் தறிக்கு நடுவில் வளர்ந்தவள், கையில் ஸ்பேனரோடு வகுப்புக்குப் போகப்போகிறாள். பல பையன்களுக்கு அது கிடையாது.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் சேர்ந்தது 1986ல். மெக்கானிக்கல் வகுப்பில் அறுபது பேர், அதில் பெண்கள் இரண்டு பேர். முதல் வருடம் ஃபிட்டிங் ஷாப் உண்டு. கையளவு இரும்புத் தகடு ஒன்றைக் கொடுத்து, அரத்தால் ராவி, ஓரங்களை நேராக்கச் சொல்வார்கள். டிரை ஸ்கொயர் என்கிற மூலைமட்டத்தை ஓரத்தில் வைத்து ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தால் இடுக்கில் வெளிச்சம் கசியக் கூடாது. மூன்று மணி நேரம் ராவினால் உள்ளங்கை கொப்பளித்துவிடும். ஷூ இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். எங்கள் ஊர்க் கடையில் பெண்கள் அளவில் அந்த மாதிரி கெட்டி ஷூ இல்லை. அப்பா ஆண்கள் ஷூவிலேயே சின்னதாகப் பார்த்து வாங்கி, முனையில் பஞ்சை அடைத்துக் கொடுத்தார். நான்கு வருடமும் அதில்தான் நடந்தேன்.

ராவுவது எனக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. நான்காவது வாரம் இன்ஸ்ட்ரக்டர் என் தகட்டை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே பக்கத்து மேசைப் பையனிடம் நீட்டி, “இப்படி இருக்கணும்” என்றார். அந்த ஒரு வார்த்தையில் ஒரு வருடம் ஓட்டினேன்.

கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. ஒர்க்‌ஷாப் கட்டடத்தில் பெண்களுக்குக் கழிவறை கிடையாது. மெயின் பிளாக்குக்குப் போய்வர இருபது நிமிடம் ஆகும், அதற்குள் வருகைப்பதிவில் கைவைத்துவிடுவார்கள். அதனால் ஒர்க்‌ஷாப் இருக்கிற நாளில் நானும் வகுப்பிலிருந்த இன்னொரு பெண்ணான என் தோழியும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டோம். வெயில் காலத்திலும் அப்படித்தான். பெண்களுக்கு ஒத்துவராது என்று யாராவது சொல்லும்போதெல்லாம் அந்த வறண்ட தொண்டைதான் எனக்கு நினைவு வரும்.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. அணுப்பிளவுக்கு விளக்கம் கண்டுபிடித்த லீசா மைட்னர் 1907ல் வியன்னாவிலிருந்து பெர்லினுக்குப் போனார். அங்கே ஆய்வகத்துக்குள் பெண்களை விடுவதில்லை. அடித்தளத்தில் இருந்த பழைய தச்சுப்பட்டறையில் மட்டும் வேலை செய்துகொள்ளலாம், மேலே வரக் கூடாது என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். கழிவறைக்கு அவர் தெருவில் இறங்கி, பக்கத்து உணவகத்துக்குப் போக வேண்டியிருந்தது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. 1870லேயே எலன் ஸ்வாலோ என்ற பெண்ணை வேதியியலில் சேர்த்துக்கொண்டது. அதற்குப் பிறகு தொண்ணூறு வருடம் போன பின்பும் அங்கே பெண்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். விடுதியில் எத்தனை கட்டிலோ அத்தனை பெண்கள்தான் என்ற நிலை. 1904ல் அங்கேயே பட்டம் வாங்கிய கேத்தரின் மெக்கார்மிக் என்ற பணக்காரப் பெண்மணி பணம் கொடுத்து 1963ல் பெண்கள் விடுதி கட்டிய பிறகுதான் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. என் அனுபவத்தில் எத்தனையோ பெரிய அறிக்கைகளைப் படித்திருக்கிறேன். ஒரு விடுதிக் கட்டடம் செய்த காரியத்தை அவை செய்ததாகத் தெரியவில்லை.

கிண்டி பொறியியல் கல்லூரியில் நடந்ததை உங்கள் வீட்டுக்காரரிடம் கட்டாயம் சொல்லுங்கள், ஏனென்றால் அது ஒரு அப்பாவின் கதையும்கூட. அங்கே இன்ஜினியரிங் படித்த முதல் பெண்களில் ஒருவர் லலிதா. 1919ல் சென்னையில் பிறந்தவர், தெலுங்குக் குடும்பம். 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கணவர் இறந்துவிட்டார். கையில் நான்கு மாதப் பெண்குழந்தை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட பெண்ணை மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அவர் அப்பா பப்பு சுப்பாராவ் கிண்டியில் எலக்ட்ரிக்கல் பேராசிரியர். மகளை மேலே படிக்க வைத்தார். லலிதா டாக்டருக்குப் படிக்க யோசித்து, ராத்திரி நேரத்தில் கூப்பிட்டால் குழந்தையை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டார். நேரத்துக்குப் போய் நேரத்துக்கு வரக்கூடிய வேலை வேண்டும் என்று அவர் தேர்ந்தெடுத்தது என்ன தெரியுமா? இன்ஜினியரிங்! பெண்ணுக்கு வசதியான வேலை எது என்று அந்த வீட்டிலும் யோசித்துத்தான் முடிவெடுத்தார்கள்.

அப்பா முதல்வர் கே.சி. சாக்கோவிடம் போய்ப் பேசினார். 1940ல் இடம் கிடைத்தது. அத்தனை ஆண்களுக்கு நடுவில் லலிதா தனியாக இருந்தார். விடுதியில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. கல்லூரி பெண்களும் சேரலாம் என்று அறிவித்ததும் கேரளத்திலிருந்து பி.கே. திரேசியாவும் லீலாம்மா ஜார்ஜும் சிவில் படிக்க வந்தார்கள். மூன்று பேரும் படிப்பை முடித்தார்கள். சான்றிதழில் ‘அவன்’ என்று அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு ‘அவள்’ என்று கையால் எழுதிக் கொடுத்தார்களாம். பிற்பாடு பக்ரா நங்கல் அணையின் ஜெனரேட்டர் வேலையில் லலிதாவின் பங்கு உண்டு. திரேசியா 1971ல் கேரளப் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

நான் படித்து முடித்த 1990ல் கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த ஒரு கம்பெனிக்காரர் என் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, “ஷிஃப்ட் இருக்கும்மா, சட்டமே விடாது” என்றார். அவர் சொன்னது உண்மை. 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காலை 6 முதல் இரவு 7 மணி வரைதான் பெண்களை ஆலையில் வேலைக்கு வைக்கலாம் என்றது. 2000 டிசம்பரில்தான் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்று தீர்ப்பளித்தது. சுரங்கத்துக்குள் பெண்கள் இறங்கி வேலை பார்க்க அரசு வழிவிட்டது 2019ல். உங்கள் மகள் வெளியே வரும்போது அந்தக் கதவுகள் திறந்திருக்கும். என் தோழிக்கும் எனக்கும் அது இல்லை. அவள் வங்கித் தேர்வு எழுதிப் போய்விட்டாள், நான் வாத்தியார் வேலைக்குப் போனேன். அவள் அளவுக்கு லேத் ஓட்டியவர்கள் எங்கள் வகுப்பில் இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு மனசு ஆறவில்லை.

கதவைச் சாத்துகிறவர்களுக்கும் எந்தக் கதவு என்று நன்றாகத் தெரிகிறது. ஈரானில் அறிவியலிலும் பொறியியலிலும் பெண்கள் குவிந்தார்கள். கணிதத்தில் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய முதல் பெண் மரியம் மிர்சாகானி (அது 2014ல்) டெஹ்ரானின் ஷரீஃப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஆனால் 2012ல் அங்கே 36 பல்கலைக்கழகங்கள் 77 படிப்புகளில் இனிப் பெண்களைச் சேர்ப்பதில்லை என்றன. பொறியியலும் அதில் உண்டு. ஆப்கானிஸ்தானில் 2022 நுழைவுத்தேர்வில் பெண்கள் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் எல்லாம் கேட்கக் கூடாது என்றார்கள். அந்த டிசம்பரிலேயே பல்கலைக்கழகத்துக்கே வரக் கூடாது என்றாகிவிட்டது. தேர்வு எழுதிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பிள்ளைகளை நினைத்தால், நம் வீட்டில் ஒரு பெண் சாய்ஸ் லிஸ்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று தோன்றுகிறது.

இனி வேலை விஷயம். அவர் கவலையை நான் தள்ளிவிட மாட்டேன். கேம்பஸில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர்களுக்குக் கிடைக்கிற அளவு கம்பெனிகள் மெக்கானிக்கலுக்கு வருவதில்லை. மகளும் இதைத் தெரிந்துகொண்டே சேர வேண்டும். ஆனால் கோவையில் பம்பும் நூற்பு எந்திரங்களும் செய்கிறார்கள், ஓசூரிலும் ஒரகடத்திலும் வண்டிகள் செய்கிறார்கள். எந்திரங்களுக்கு நடுவில் கைவேலை தெரிந்த இன்ஜினியருக்கு மதிப்பு குறையவில்லை. உங்கள் ஊர்ப் பக்கம் காற்றை வைத்து நூலைச் செலுத்தும் ஏர்ஜெட் தறி போடுகிறவர்கள் அதை ஜப்பானிலிருந்தும் பெல்ஜியத்திலிருந்தும் வரவழைக்கிறார்கள். அது எப்படி ஓடுகிறது என்று அவளை அவள் அப்பாவே ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டட்டும். அவள் முகத்தையும் அப்போது பார்க்கட்டும்.

சாய்ஸ் போடுவதற்கு முன்னால் நீங்கள் இரண்டு பேரும் நாலு கல்லூரிக்கு நேரில் போங்கள். பிளேஸ்மென்ட் போர்டை எல்லாரும் பார்க்கிறார்கள். நீங்கள் ஒர்க்‌ஷாப் கட்டடத்தில் பெண்கள் கழிவறை எங்கே என்று கேளுங்கள், போய்ப் பார்த்துவிட்டும் வாருங்கள். மெக்கானிக்கல் இரண்டாம் வருடத்தில் எத்தனை பெண்கள் என்று கேளுங்கள். நாலைந்து பேராவது இருக்கிற கல்லூரி நல்லது. ஒன்றிரண்டு பேராக நிற்பது எவ்வளவு பாரம் என்பது எனக்குத் தெரியும். பெண்கள் விடுதியை எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள், லேப் எத்தனை மணிவரை திறந்திருக்கிறது என்று கேளுங்கள். பையன்கள் ராத்திரி ஒன்பது மணிவரை புராஜெக்ட் செய்ய, பெண்கள் ஆறரைக்கு உள்ளே போய்விட வேண்டும் என்றால் அந்த இடம் வேண்டாம். ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும், விசாரித்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்த பிறகு முடியை இறுக்கிக் கட்டித் தொப்பிக்குள் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். துப்பட்டாவோடு லேத் பக்கம் போகவே கூடாது. தறிக்குடோனில் வளர்ந்தவளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் அவள் காலுக்குச் சரியான அளவில் ஒரு சேஃப்டி ஷூ வாங்கிக் கொடுங்கள். இப்போது பெண்கள் அளவிலும் கிடைக்கிறது, பஞ்சு வைக்க வேண்டியதில்லை.

அன்புடன்,
அக்கா