பாலும் சோடாவும் சேர்ந்தால் விஷமா?

கேள்வி: எனக்கு 46 வயது. மாற்றலாகி டெல்லிக்கு வந்திருக்கிறேன். அலுவலக நண்பர்களுடன் சாயங்காலம் 'தூத் சோடா' குடிக்கப் பழகிவிட்டேன். ஜில்லென்ற பாலில் எலுமிச்சைச் சுவை குளிர்பானத்தை ஊற்றித் தருகிறார்கள். குடித்தபின் ஏப்பமும் வயிற்று உப்புசமும் வருகின்றன. "வயித்துக்குள்ள பால் திரிஞ்சு விஷமாயிடும்" என்கிறார் மனைவி. சர்க்கரை 'பார்டர்' என்று போன வருடம் சொன்னார்கள். குடிக்கலாமா?

பதில்: விஷமெல்லாம் ஆகாது. பால் திரியும் என்று உங்கள் மனைவி சொல்வது மட்டும் சரி. ஆனால் நீங்கள் வெறும் பாலைக் குடித்தாலும் அது வயிற்றில் திரியத்தான் போகிறது. இரைப்பையில் ஊறும் அமிலம் எந்தக் குளிர்பானத்தையும்விட வீரியமானது. பாலிலுள்ள கேசீன் என்ற புரதம் அந்த அமிலத்தில் கட்டியாகி, பிறகு மெதுவாகச் செரிக்கும். டம்ளரிலேயே திரியாமல் இருக்கத்தான் கடைக்காரர் பாலை நன்றாகக் குளிரவைத்து, அதைத் தாராளமாகவும் ஊற்றுகிறார். சூடான பாலில் ஊற்றிப் பாருங்கள், உடனே திரிந்துவிடும்.

வெறும் சோடாவில் இந்தச் சிக்கலே இல்லை, அதன் அமிலம் மிக லேசானது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் நோயாளிகளுக்குப் பாலில் சோடா கலந்து கொடுப்பதை டாக்டர்களே சிபாரிசு செய்தார்கள், எளிதில் செரிக்கும் என்று!

சரி, உங்கள் உப்புசத்துக்கு வருவோம். அது எப்போது வருகிறது என்று கவனித்தீர்களா? குடித்த சில நிமிடங்களில் வயிறு மேலே முட்டி, ஏப்பம் விட்டதும் அடங்கினால், காரணம் சோடாவின் வாயு. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு இதுவே தொல்லை, ஏப்பத்தோடு அமிலமும் மேலே ஏறும். அரை மணி, இரண்டு மணி நேரம் கழித்து அடிவயிறு உப்பி, கடமுடவென்று சத்தம் போட்டு, சிலசமயம் வயிற்றுப்போக்கும் வந்தால் சந்தேகம் பாலின் மேல்தான். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி, நம்மில் பலருக்கு வளர்ந்தபின் குறைந்துவிடுகிறது. செரிக்காத லாக்டோஸைப் பெருங்குடல் கிருமிகள் புளிக்கவைப்பதால்தான் அந்த வாயு. ஒருநாள் வெறும் பால், இன்னொரு நாள் வெறும் சோடா என்று தனித்தனியாகக் குடித்துப் பாருங்கள், குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும். பால்தான் என்றால் தயிரும் மோரும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

என் கவலை சர்க்கரையைப் பற்றித்தான். 100 மில்லி குளிர்பானத்தில் சுமார் 8 முதல் 11 கிராம் சர்க்கரை இருக்கும். லேபிளில் போட்டிருப்பார்கள், பாருங்கள். 150 மில்லி ஊற்றினால் 12 முதல் 16.5 கிராம். பாலில் கடைக்காரர் போடும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை இன்னொரு 10 கிராம். இப்படிச் சேர்க்கப்படும் சர்க்கரை நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாயங்காலம் ஒரே டம்ளரில் அந்தக் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அப்புறம் டீ, காபி, ஆபீஸில் யாராவது நீட்டும் இனிப்பு எல்லாம் எதில் சேர்ப்பது?

'பார்டர்' என்று சொல்லி ஒரு வருடம் ஆகிவிட்டது. வெறும் வயிற்றில் சர்க்கரை, கூடவே மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி, இரண்டையும் இந்த வாரமே பாருங்கள். முடிவு வரும்வரை தினசரி டம்ளரை நிறுத்துங்கள். ஆசையாக இருந்தால் வீட்டில் காய்ச்சி ஆறவைத்த பாலில் வெறும் சோடாவும் ஒரு சிட்டிகை ஏலப்பொடியும் போட்டு, சர்க்கரை இல்லாமல் குடிக்கலாம். கடையில் குடிப்பதானால் ஐஸ் போடாமல் கேளுங்கள், அது எந்தத் தண்ணீரில் செய்ததென்று யாருக்கும் தெரியாது.

தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, டாக்ஸிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிடுகிறீர்களா? அப்படியானால் அவற்றைப் பால் கலந்த எதோடும் விழுங்காதீர்கள், மருந்து சரியாக உடம்பில் சேராது. எவ்வளவு நேர இடைவெளி வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும், எழுதிக் கொடுத்த டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.