குழந்தைகள் பிறந்த பிறகும் வீடியோ கேம் விளையாடுபவர்களின் ஒரு வாரம் எப்படிப் போகிறது?

முதல் குழந்தை பிறக்கப் போகிறது, வீட்டிலிருக்கும் பிளேஸ்டேஷனை விற்றுவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். விற்காதீர்கள். என் போன வாரத்தை அப்படியே சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் வீடு திருச்சியில். எனக்கு 38 வயது, தனியார் நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. கணவருக்குப் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை. மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு மூன்று. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்; அவரை நான் அத்தை என்று அழைப்பேன். இத்தனை பேருக்கு நடுவே போன வாரம் நான் விளையாடியது மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். அதில் பாதிக்கு மேல் மகளோடு சேர்ந்து விளையாடியது.

முன்பு இப்படி இல்லை. கைபேசியில், நூறு பேர் ஒரு தீவில் இறங்கி ஒருவரை ஒருவர் சுட்டுக்கொள்ளும் ஆட்டம் ஒன்றை இரவுதோறும் ஆடிக்கொண்டிருந்தேன். ஓர் ஆட்டம் முடிய அரை மணி நேரம் ஆகும். நடுவில் நிறுத்த வழியில்லை; நாம் எழுந்துபோனால் கூட ஆடும் மூன்று பேர் மாட்டிக்கொள்வார்கள். ஒருநாள் மகள் வாசலில் விழுந்து, முழங்காலில் ரத்தத்தோடு வந்து என் முன்னால் நின்றாள். அழவில்லை. "இரு, ஒரு நிமிடம்" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அவளும் நின்றாள். காலைச் சற்றுத் தூக்கி, ரத்தம் பாவாடையில் படாமல் ஒரு கையால் துணியை விலக்கிப் பிடித்தபடி, நான் சொன்ன அந்த நிமிடம் முழுவதும் நின்றாள். அன்றிரவே அந்த ஆட்டத்தைக் கைபேசியிலிருந்து நீக்கினேன். கண்ணை மூடினால் அந்தத் தூக்கிய கால் இன்றும் தெரிகிறது.

அதன் பிறகு ஏழெட்டு மாதம் எதையும் தொடவில்லை. சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பி விடுமுறைக்கு வந்தபோது தன் பழைய நின்டெண்டோ ஸ்விட்சைக் கொடுத்துவிட்டுப் போனான். கையிலும் வைத்து ஆடலாம், டிவியிலும் இணைக்கலாம். எனக்கு அதில் முதலில் பிடித்தது மேல் விளிம்பில் இருக்கும் சின்னப் பொத்தான். எந்த நொடியில் அதை அழுத்தினாலும் ஆட்டம் அப்படியே உறங்கிவிடும். எழுப்பினால் விட்ட இடத்தில் நிற்கும். குழந்தை கூப்பிட்டால் அந்த நொடியே எழுந்து போகலாம்.

தம்பி அதில் வைத்திருந்த ஆட்டம் ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உட்கார்ந்து, கதை, படம், இசை எல்லாவற்றையும் தானே செய்து, 2016 பிப்ரவரியில் வெளியிட்டது. தாத்தா விட்டுப்போன பண்ணைக்குப் பேரப்பிள்ளை திரும்பி வந்து, முள்ளும் கல்லும் மண்டிய நிலத்தைத் திருத்தி விவசாயம் செய்வதுதான் கதை. லால்குடிப் பக்கம் என் அம்மாவின் அப்பாவுக்கு நிலம் இருந்தது, பெருவளை வாய்க்கால் பாசனம். எனக்குப் பன்னிரண்டு வயதாகும்போது விற்றார்கள். ஆட்டத்தின் தொடக்கத்தில் தாத்தாவின் கடிதத்தைப் பிரித்ததும் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. இத்தனைக்கும் என் தாத்தா யாருக்கும் கடிதம் எழுதியவர் இல்லை.

அந்த ஆட்டத்தில் ஒரு நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்கும். இரவு இரண்டு மணிக்குள் வீடு வந்து படுக்க வேண்டும், இல்லையென்றால் ஆள் மயங்கி விழுந்துவிடுவான். நம் கடிகாரத்தில் இது ஏறக்குறைய 14 நிமிடம். படுத்தால்தான் அந்த நாளின் உழைப்பு பதிவாகும். எங்கள் வீட்டுச் சட்டமே இதிலிருந்து வந்தது. மகளிடம் "அரை மணி நேரம் ஆடு" என்று நான் சொல்வதில்லை, "இரண்டு பொழுது" என்கிறேன். கடிகாரத்தைப் பார்த்துப் பாதி வேலையில் நிறுத்தச் சொன்னால் எந்தக் குழந்தையும் முரண்டு பிடிக்கும், பெரியவர்களும் அப்படித்தான். மாட்டைக் கட்டி, விளக்கணைத்துப் படுத்த பிறகு நிறுத்தச் சொன்னால் சண்டை வருவதில்லை. நீங்கள் எந்த ஆட்டத்தை வாங்கினாலும் எங்கே நிறுத்தலாம் என்பதை முதலில் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

போன திங்களன்று, ஆட்டத்தில் வசந்தம் எட்டாம் நாளில் இருந்தோம். பிள்ளைகள் தூங்கி, மறுநாளுக்கான காய் நறுக்கி வைத்த பிறகு, பத்து மணிக்குத் தனியாக இரண்டு பொழுது ஆடினேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதிலேயே பாதி நாள் போனது. அந்த வேலை எனக்குச் சலிக்கவே இல்லை. ஒவ்வொரு பாத்தியாக ஈரம் பட்டு மண் கறுத்துக்கொண்டே வரும். அலுவலகத்தில் முடிவே இல்லாத கணக்குகளைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு, தொடங்கிய வேலை கண்முன்னே முடிவதைப் பார்ப்பது பெரிய ஆறுதல்.

செவ்வாய் மகளுக்குக் கணக்குப் பரீட்சைக்குப் படிப்பு. ஆட்டம் இல்லை.

புதன் விடியற்காலை ஐந்தே கால் மணிக்கு, இட்லி அடுப்பில் வேகும் நேரத்தில் பத்தாம் நாளைத் தொடங்கினேன். ஆட்டத்தில் மழை. மழைநாளில் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, அதனால் ஆற்றுக்குப் போய்த் தூண்டில் போட்டேன். வசந்த காலத்தில் மழை பெய்தால்தான் ஆற்றில் கெளுத்தி கிடைக்கும். பலமுறை நழுவி, கடைசியில் ஒன்று மாட்டியது. அதற்குள் குக்கர் விசில், கணவருக்குச் சாப்பாடு, மகளுக்குப் பின்னல். படுக்காமலேயே பொத்தானை அழுத்தி மேசையில் வைத்துவிட்டு ஓடினேன். பேட்டரி சிவப்பில் இருந்ததைப் பார்த்தும், மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அன்று எங்கள் பகுதிக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. உறங்கும் கருவியை எழுப்ப ஒரே பொத்தானை மூன்று முறை அழுத்தினால் போதும். மூன்று வயதுக் குழந்தைக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாயங்காலம் சோபா இடுக்கிலிருந்து எடுத்தபோது கருவி அணைந்து கிடந்தது. அந்த நாள் போனது, கெளுத்தியும் போனது.

மகன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தொட்டபோதுதான் அவன் உடம்பு சூடாக இருந்தது தெரிந்தது.

வியாழன் முழுவதும் காய்ச்சல். மருத்துவரிடம் காட்டி, மருந்து கொடுத்து, இரவு பகலாக நானும் கணவரும் மாறி மாறி ஈரத்துணி வைத்தோம். அன்று ஸ்விட்ச் எங்கே இருந்தது என்றுகூட எனக்கு நினைவில்லை. வெள்ளி காலை சூடு இறங்கியது. கஞ்சி குடித்துவிட்டு அண்டாவுக்குள் ஏறி உட்கார்ந்தான், பிழைத்தோம்.

வெள்ளி இரவு மகளிடம் நடந்ததைச் சொன்னேன். "பத்தாம் நாளை நான் ஆடட்டுமா அம்மா?" என்றாள். வானிலை முந்தைய இரவே முடிவாகிவிடும் என்பதால், அதே நாளை மறுபடி ஆடினாலும் அதே மழை வரும். அவளும் ஆற்றுக்குத்தான் போனாள். தூண்டிலில் மீன் சிக்கியதும் ஓரத்தில் ஒரு பச்சைப் பட்டை வரும். பொத்தானை அழுத்தினால் மேலே ஏறும், விட்டால் இறங்கும். துள்ளும் மீன் அந்தப் பட்டைக்குள்ளேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். நான் எப்போதும் அழுத்திப் பிடிப்பேன். அவள் பொத்தானின்மேல் கட்டைவிரலை வைத்து, தட்டித் தட்டி எடுத்தாள், தாயக்கட்டையைக் கைக்குள் குலுக்குவதுபோல. நாக்கு நுனி உதட்டோரம் வெளியே வந்திருந்தது. நான்கு மீன் நழுவியது. ஐந்தாவதாகக் கெளுத்தி. கத்தப்போனவள் தம்பி தூங்குவதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு என் தோளில் இடித்தாள். பதினொன்றாம் நாளையும் முடித்துவிட்டுத் தானாகவே சார்ஜரில் சொருகினாள்.

இந்த ஆட்டத்துக்கு அமெரிக்க மதிப்பீட்டு அமைப்பு பத்து வயதுக்கு மேல் என்று குறித்திருக்கிறது. ஊரில் மதுக்கடை உண்டு, சூதாட்டமும் உண்டு. அதனால்தான் மகளுக்குப் பத்து முடியும்வரை கொடுக்கவில்லை. இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது. சின்னவனுக்கு அந்தக் கணக்கே அதிகம் என்று நினைக்கிறேன். அவன் விழித்திருக்கும்போது பெரும்பாலும் எடுப்பதில்லை.

உறவில் ஒருவர், "இதெல்லாம் வியாதி என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டதே, உனக்குத் தெரியாதா?" என்று கேட்டார். தெரியும். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு இடம்பெற்றிருக்கிறது. விளையாட்டின் மேல் கட்டுப்பாடு போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே முதன்மையாவது, கேடு வந்தும் விடாமல் தொடர்வது ஆகியவை, பொதுவாக ஓராண்டு காலமாவது நீடித்தால்தான் அந்தப் பெயர். அந்த விளக்கத்தை நான் அலட்சியமாகப் படிக்கவில்லை. முழங்காலோடு நின்ற மகளை நினைத்துக்கொண்டுதான் படித்தேன். விளையாடும் ஒவ்வொருவரும் அதைப் படித்துத் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசை. அன்று டிவியில் இணைத்து வெண்பா ஆடினோம். டொரண்டோவில் இருக்கும் தமிழர் ஒருவரின் குழு செய்து 2023 ஜூலையில் வெளியிட்ட ஆட்டம். 2024இல், பிரிட்டனின் திரைக்கலை அமைப்பான பாஃப்டாவின் சிறந்த அறிமுக விளையாட்டு விருதை வாங்கியது. 1980களில் கனடாவில் குடியேறி வாழும் வெண்பா, அவள் கணவன் பாவலன், அவர்களுக்குப் பிறக்கும் கவின் என்று ஒரு குடும்பத்தின் கதை. ஆடுகிறவர் செய்ய வேண்டியது சமையல். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பெற்றோருக்கு இதைவிட வசதியான அளவு கிடையாது.

முதல் சமையல் இட்லி. வெண்பாவின் அம்மாவுடைய சமையல் குறிப்பேடு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கும். விட்டுப்போனதை நாம் ஊகித்துச் செய்ய வேண்டும். மகள் தட்டுகளை வரிசையாக அடுக்கினாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"குழிக்கு நேர் மேலே குழி வைக்காதே, தங்கம். ஆவி எப்படி ஏறும்? திருப்பி வை."

திருப்பி வைத்தாள். அதுவே சரியாக இருந்தது. அத்தை முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு சோபாவுக்கு நகர்ந்து வந்தார். அதன்பிறகு ஒவ்வொரு சமையலிலும் மகள் பொத்தானை அழுத்தும் முன் பாட்டியைத் திரும்பிப் பார்த்தாள். திரையில் வானொலியைப் போட்டால் பழைய தமிழ்ப் படப் பாட்டுகளின் சாயலில் பாட்டு வரும். அத்தையின் விரல் தொடையில் தாளம் போட்டது. கவின் வளர வளர அம்மாவின் பேச்சையும் சாப்பாட்டையும் விட்டு விலகிப் போவான். அந்த இடத்தில் அத்தை ஒன்றும் பேசவில்லை. அவருடைய இளைய மகன் நியூ ஜெர்சியில் இருக்கிறார். அங்கிருக்கும் பேரனுக்குத் தொலைபேசியில் "ஹாய் பாட்டி"க்கு மேல் தமிழ் வராது. ஆட்டம் முடிந்ததும் அத்தை கேட்டது ஒன்றுதான்: "இதை அவனுக்கு அனுப்ப முடியுமா?" கொழுந்தனாருக்கு அன்றே பெயரை அனுப்பினேன்.

இதுவரை நான் விளையாடுவதைப் பற்றி அத்தை நல்லதோ கெட்டதோ சொன்னதில்லை. நானும் அவர் தூங்கிய பிறகுதான் பெரும்பாலும் எடுப்பேன். இனி ஒளித்து ஆட மாட்டேன். உங்களுக்கும் இதைச் சொல்வேன்: நள்ளிரவில் திருட்டுத்தனமாக ஆடாதீர்கள். மறுநாள் தூக்கமில்லாத எரிச்சல் முழுக்கப் பிள்ளைமேல் விழும். எனக்கு விழுந்திருக்கிறது. எத்தனை பொழுது ஆடப் போகிறீர்கள் என்பதை உங்கள் மனைவியிடம் சொல்லிவிட்டு, அவருக்கும் அதே அளவு தனி நேரம் கொடுத்துவிட்டு ஆடுங்கள். என் கணவர் ஞாயிறு காலையில் நண்பர்களோடு ஷட்டில் ஆடப் போகிறார். அந்த நேரத்தில் வீடு என் பொறுப்பு. திங்கள் இரவு அழும் குழந்தை அவர் பொறுப்பு. கைக்குழந்தை இருக்கும் முதல் சில மாதம் எதுவும் ஆட முடியாமல் போகலாம். உறையைப் போட்டு மூடி வையுங்கள், அது எங்கும் போய்விடாது.

ஞாயிறு மாலை பன்னிரண்டாம் நாளை வேகமாக முடித்தோம், பதின்மூன்றுக்காக. அன்று ஊரில் முட்டைத் திருவிழா. ஸ்ட்ராபெரி விதை அங்கேதான் விற்கும், ஒன்று நூறு காசு. எட்டு நாளில் காய்க்கும், பிறகு நான்கு நாளுக்கு ஒருமுறை பறிக்கலாம். வசந்தம் 28 நாளில் முடிந்துவிடும் என்பதால் அன்றிரவே நட்டால்தான் இரண்டு பறிப்பு கிடைக்கும். முட்டை தேடும் போட்டியில் மகள் ஏழுதான் எடுத்தாள், ஒன்பது வேண்டும். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பன்னிரண்டு விதை வாங்கிவிட்ட மகிழ்ச்சியில் இருந்தாள். விழா முடிந்து பண்ணைக்கு வரும்போது ஆட்டத்தில் இரவு பத்து மணி. இரண்டு மணிக்குள் கொத்தி, நட்டு, தண்ணீர் ஊற்ற வேண்டும். நம் கணக்கில் மூன்று நிமிடம்கூட இல்லை. "இடதுபக்கம் ஒன்று காய்ந்திருக்கிறது" என்று நான் சொல்ல, அவள் ஓடி ஓடி ஊற்றினாள். கடைசிப் பாத்தி நனைந்தபோது ஒன்றரை மணி. கதவைத் திறந்து, கட்டிலில் ஏறிப் படுத்தாள். நாள் பதிவானது.

"ஸ்ட்ராபெரி பழுக்கும் நாளில் தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளலாமா, அம்மா? ஒரே ஒரு பொழுது?"

சரி என்றேன். அவள் பள்ளிப் பையை எடுத்து வைக்கப் போனாள், நான் அரிசி களையப் போனேன்.